போதைக்கு அடிமையான மகனைப் பத்து நாள் வீட்டில் பூட்டி வைத்தால் திருந்துவானா?

இப்படிக் கேட்பவரின் வீட்டில் இரவுகள் எவ்வாறு கழியும் என்பதை நான் அறிவேன். திருகோணமலையில் எங்கள் தம்பியை நாங்களும் அவ்வாறுதான் பூட்டி வைத்தோம். அவன் பாவித்தது ஹெரோயின்.

ஒரு நாள் முடிவதற்குள் தடிமன் பிடித்தவனைப்போல அவனுக்கு மூக்கும் கண்ணும் ஒழுகத் தொடங்கின. சித்திரை வெக்கையில் போர்வை கேட்டு நடுங்கினான். யன்னல் கம்பிகளுக்கிடையே அம்மா நீட்டிய தேநீர்க் கோப்பையை அவனால் பிடிக்க முடியவில்லை; தேநீர் முழுவதும் அம்மாவின் கையில் கொட்டியது. எட்டாம் நாள் தூங்கினான், சோறு கேட்டுச் சாப்பிட்டான். திருந்திவிட்டான் என்று நம்பிக் கதவைத் திறந்தோம். மூன்றாம் கிழமை, உதடுகள் நீலம் பாரித்துக் குளியலறையில் கிடந்தவனை முச்சக்கரவண்டியில் தூக்கிப்போட்டு வைத்தியசாலைக்கு ஓடினோம்.

நிறுத்தியிருந்த நாட்களில் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடுவதால், முன்பு வழக்கமாக எடுத்த அளவே மூச்சை நிறுத்திவிடக்கூடும் என்று மனநல வைத்தியர் பின்னர்தான் எங்களுக்கு விளக்கினார். உங்கள் மகன் மதுவையோ தூக்க மாத்திரைகளையோ சேர்த்துப் பாவிப்பவராயின் திடீர் நிறுத்தம் வலிப்பையும் கொண்டுவரலாம். ஆகவே வைத்தியரின்றி நிறுத்த வேண்டாம். ஹெரோயினுக்கு மாற்றாக வைத்தியர் கொடுக்கும் மெதடோன், புப்ரெனோர்பின் ஆகிய மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2005 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 'ஐஸ்' எனப்படும் மெத்தம்பெட்டமின் போதைப்பொருள் பாவனைக்கோ அத்தகைய மாற்று மருந்து இல்லை, அங்கே உளவளத்துணையே முதன்மையான சிகிச்சை.

செல்லம் கொடுக்கச் சொல்கிறேன் என்று சிலர் இங்கே எழுதக்கூடும். அப்படியல்ல. அவன் கையில் பணம் கொடுப்பதை நாங்கள் அடியோடு நிறுத்தினோம். சோற்றையும் பேச்சையும் நிறுத்தவில்லை. இரண்டாம் முறையும் தவறினான். அன்று அப்பா அவனை ஏசாமல், மறுநாட் காலை தானே கூட்டிக்கொண்டு உளவளத்துணையாளரிடம் போனார்.

எனக்கு இன்றும் ஆறாதது வேறொன்று. சிகிச்சைக்குப் போகிறான் என்று தெரிந்ததும் அவனை வேலையிலிருந்து நிறுத்திய முதலாளி, அவன் பாவித்துக்கொண்டிருந்த இரண்டு வருடமும் ஒரு சொல் கேட்டதில்லை. மறைத்தவனுக்கு இருந்த வேலை, ஒத்துக்கொண்டவனுக்கு இல்லாமற்போனது. இப்போது வலை தைக்கப் போகிறான். சிகிச்சை நாளில் தாமதமாக வருவான் என்பது அந்தச் சம்மாட்டியாருக்குத் தெரியும்.

பூட்டு வாங்குவதற்கு முன் 1927 என்ற இலக்கத்தை அழையுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனைச் சேவை அது. மகன் வர மறுத்தாலும் நீங்கள் மட்டுமாவது பேசுங்கள். எங்கள் வீட்டில் முதலில் பேசியது அம்மாதான்.