பனிப்புயல் இரவும் காணாமல் போன காரும்

கேள்வி: தெருவில் கார் நிறுத்த மாதாமாதம் பணம் கட்டி அனுமதி வாங்கியிருக்கிறேன். பனிப்புயல் அடித்த இரவில் வழக்கமான இடத்தில் விட்ட காரை விடிவதற்குள் இழுத்துச் சென்றுவிட்டார்கள். அபராதம், இழுவைக் கூலி, கிடங்கு வாடகை என்று மூன்று பில். கட்டத்தான் வேண்டுமா?

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் அனுமதிச் சீட்டைக் காட்டி வாதாடலாம் என்று நினைக்காதீர்கள். நகராட்சி பனிக்கால அவசரநிலை அறிவித்துவிட்டால் பெரும்பாலும் அந்தச் சீட்டு செல்லாது. தெருவோரம் ஒரே ஒரு கார் நின்றாலும் பனி அகற்றும் வண்டி அதைச் சுற்றி விலகித்தான் போகும். விலகிய இடத்தில் மிஞ்சும் குவியல் இரவுக்குள் இறுகிவிடும். மறுநாள் தீயணைப்பு வண்டி அந்தத் தெருவில் திரும்பத் திணறும்.

முதல் வேலை காரை மீட்பது. கிடங்கு வாடகை நாள் கணக்கில் ஏறும். இழுவைக் கூலியையும் வாடகையையும் கட்டி ரசீது வாங்குங்கள். அபராதத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். பல ஊர்களில் அதைக் கட்டினால் தவற்றை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. முதலில் நேரத்தைப் பாருங்கள்: கார் நிறுத்தத் தடை எத்தனை மணிக்கு அமலுக்கு வந்தது, அபராதச் சீட்டில் எந்த நேரம் எழுதியிருக்கிறது? சீட்டு முந்தியிருந்தால் மேல்முறையீட்டில் நியாயம் உங்கள் பக்கம். ‘தடைப் பலகையைப் பனி மூடியிருந்தது’ என்ற வாதத்தை நம்பி மட்டும் இறங்காதீர்கள்.

ஒற்றைப்படைத் தேதியில் தெருவின் ஒரு பக்கம், இரட்டைப்படையில் மறுபக்கம் என்ற விதி உள்ள ஊர்களில் ஏமாறுவது நள்ளிரவில்தான். இரவு 10 மணிக்குச் சரியான பக்கத்தில் விட்ட கார், 12 மணி அடித்ததும் தப்பான பக்கத்தில் நிற்கும்! இரவுத் தடைக்கு எந்தத் தேதியைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று, கார் திருடு போய்விட்டது என்று பதறாதீர்கள். கனடாவின் மான்ட்ரியல் நகரில் சைரன் ஒலித்து எச்சரித்த பிறகு, எடுக்காத காரைப் பக்கத்துத் தெருவுக்கு நகர்த்தி வைப்பது வழக்கம்.

கேள்வி: என் டயரில் ‘எம் பிளஸ் எஸ்’ என்று இருக்கிறது. பனிக்கு அதுவே போதும் என்கிறார் கடைக்காரர். அப்படியா?

பதில்: போதாது. ‘எம்’ என்றால் சேறு, ‘எஸ்’ என்றால் பனி. ஆனால் அது டயரின் வெட்டு வடிவத்தைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் எழுத்து. பனியில் ஓட்டிச் சோதித்ததற்கான அடையாளம் வேறு: மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள். கடையில் குனிந்து டயரின் பக்கவாட்டில் அதைத் தேடுங்கள். அருகிலேயே நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத் தயாரிப்பு. பழைய சரக்கைப் புதிய விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். சிக்கனமென்று முன்சக்கரங்களுக்கு மட்டும் மாட்டினால், வளைவில் காரின் பின்பகுதி வழுக்கிச் சுழலும். நான்கையும் மாற்றுங்கள். நான்கு சக்கர இழுவை (ஃபோர் வீல் டிரைவ்) இருந்தாலும் இது பொருந்தும்: அது கிளம்ப உதவும், நிறுத்த உதவாது.

கேள்வி: பனியில் கார் சிக்கிக்கொண்டால் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா?

பதில்: இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முதலில் தள்ளுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும். அதற்கு மணமே கிடையாது. மணிக்குப் பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டினால் போதும், காற்று வராத பக்கத்து ஜன்னலைச் சற்றே இறக்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் குழாயைப் பார்த்துவிட்டே சாவியைத் திருப்புங்கள்.