வியோஸ் காடிக்கு 60 வெள்ளி ஆக்ஸிஜன் சென்சார் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதானே: 2009 டொயோட்டா வியோஸ், செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனர் காட்டிய பழுது எண் (கோட்) பி0135. பட்டறையில் ஒரிஜினல் ஆக்ஸிஜன் சென்சாருக்கு 550 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள், இணையத்தில் 60 வெள்ளிக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

இந்தச் சென்சார் காடியில் இரண்டு இருக்கும்: எக்சாஸ்ட் புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன் சென்சார் என்றால் வேண்டாம். இதே கோட் வந்து, இதே மாதிரி மலிவாக வாங்கிப் போட்டு மாட்டிக்கொண்டவன் நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வீடு பட்டர்வொர்த்தில், வேலை பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில். தினமும் பாலத்தில் போய் வருகிறவனுக்கு எண்ணெய்க் (பெட்ரோல்) கணக்கு மனப்பாடம். எனக்கு 58 வெள்ளிக்கு வந்த சென்சாரில் பிளக் கிடையாது. நான்கு வயரும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. பழைய சென்சாரின் பிளக்கை வெட்டி எடுத்து இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஈயம் பற்றவைக்கத் தெரியும். நான்கையும் சுத்தமாகப் பற்றவைத்து, உள்ளே பசை பூசிய சுருங்கும் குழாயைப் போட்டு, சூடு காட்டி இறுக்கமாக மூடினேன். விளக்கு அணைந்தது. 500 வெள்ளி மிச்சம் என்று வீட்டில் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து, ஒன்பது நாள் வருகிற டாங்கி ஏழு நாளில் காலியானது. முதலில் பாலத்து ஜாம் என்று நினைத்தேன். பள்ளி விடுமுறையில் ரோடு காலியாக இருந்த வாரத்திலும் அதே ஏழு நாள். ஒரு நாள் காலை எக்சாஸ்ட் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தேன். மை மாதிரி கறுப்பாக ஒட்டியது, முன்பெல்லாம் அப்படி ஒட்டியதில்லை. ஆனால் விளக்கு எரியவே இல்லை.

பிறை ஊரில் ஒரு போர்மேன் (மெக்கானிக்) அங்கிள் இருக்கிறார். அவர் ஸ்கேனரை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு இரண்டு சென்சாரையும் ஒரே திரையில் வைத்தார். நல்ல முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும். என்னுடையது அடிமட்டத்திலேயே சோம்பலாக அசைந்துகொண்டிருந்தது. பின் சென்சாரோ 0.85இல் ஆணி அடித்த மாதிரி நின்றது. நீண்டகால எண்ணெய்த் திருத்தம், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் வழக்கத்துக்கு மேல் கூட்டி ஊற்றுகிற அளவு, கூட்டல் 16 சதவீதம். அங்கிள் சொன்னார்: "முன்னாடி இருக்கறவன் எண்ணெய் பத்தலைங்கறான், பின்னாடி இருக்கறவன் எண்ணெய் கொட்டுதுங்கறான். உன் கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கறவன் பேச்சைத்தான் தம்பி கேக்கும்."

பிறகு என் சுருங்கும் குழாயைக் கத்தியால் கீறினார். ஈயம் வயர் இழைகளுக்குள் வெகுதூரம் ஏறியிருந்தது. "இது மூச்சு விடுற சாமான். நீ கழுத்தப் புடிச்சிட்ட" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. 1976இல் போஷ் கம்பெனியின் இந்தச் சென்சார் முதன்முதலாக வால்வோ காடியில் வந்த காலத்திலிருந்து அடிப்படை ஒன்றுதான். சிர்கோனியா பீங்கானின் வெளிப்பக்கம் எக்சாஸ்ட் புகை, உள்பக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் இருக்கும் ஆக்ஸிஜனின் வித்தியாசம்தான் வோல்ட்டாக வெளியே வருகிறது. பல சென்சார்களில் அந்த வெளிக்காற்று உள்ளே போகிற வழியே வயர் இழைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான். ஈயம் ஊற்றினால் வழி அடைபடும், வோல்ட் இறங்கும். வோல்ட் குறைந்தால் கம்ப்யூட்டருக்கு அது எண்ணெய் குறைவு என்று அர்த்தம், உடனே கூட்டி ஊற்றும். அதனால் என்னுடையது மாதிரி பிளக் இல்லாத பொதுவகைச் சென்சாரை வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஈயம் வைக்காதீர்கள், நசுக்கிப் பிடிக்கும் இணைப்பான் போடுங்கள். என்னைக் கேட்டால், வயர் வெட்டுகிற வேலையே முன் சென்சாரில் கூடாது.

சரியான பிளக்கோடு வருகிற மலிவுச் சென்சாரும் இருக்கிறது. அதில் தொல்லை வேறு மாதிரி. உள்ளே இருந்து சென்சாரைச் சூடாக்குகிற ஹீட்டர் சீக்கிரம் போகும், அல்லது சென்சார் மெதுவாகப் பதில் சொல்லும். மெதுவாகச் சொன்னாலும் அளவு எல்லைக்குள் இருக்கிற வரை விளக்கு எரியாது. அது எரியவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைத்ததுதான் நான் செய்த பெரிய தவறு. எரியாமல் போகிற எண்ணெய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைச் சூடாக்கிக் கெடுக்கும். அதை மாற்றுகிற விலைக்கு எத்தனையோ ஒரிஜினல் சென்சார் வாங்கலாம்.

550க்கும் 60க்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. டொயோட்டா பெட்டியில் வருகிற சென்சாரை டொயோட்டா செய்வதில்லை, பெரும்பாலும் டென்சோ செய்கிறது. அதே டென்சோவை அதன் சொந்தப் பெட்டியில் வாங்கினால் விலை நன்றாக இறங்கும். நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 260 வெள்ளிக்கு வாங்கினேன், பிளக் அப்படியே பொருந்தியது. இந்தப் பெயரில் போலியும் உலவுகிறது, அதனால் 80 வெள்ளிக்கு டென்சோ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். டொயோட்டா பாக நம்பரையும் பாருங்கள்: 89465 என்று தொடங்கினால் சாதாரண ஆக்ஸிஜன் சென்சார், 89467 என்றால் காற்று-எண்ணெய் விகிதச் சென்சார். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது.

ஆனால் எதையும் வாங்கும் முன்னால் ஃபியூஸைப் பாருங்கள். பி0135 என்பது முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட் கோட். சென்சார்தான் கெட்டது என்று அது சொல்லவில்லை. ஃபியூஸ் போயிருக்கலாம், எக்சாஸ்ட் சூட்டில் வயர் உருகியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, ஒரே நிறத்தில் இருக்கிற இரண்டு வயருக்கும் மீட்டர் வையுங்கள். சில ஓம் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது, அப்போது சென்சார் வாங்குங்கள்.

பின் சென்சார் என்றால் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்க மாட்டேன். அதன் முக்கிய வேலை கன்வெர்ட்டரைக் கண்காணிப்பது. பிளக் பொருந்துகிற நடுத்தர விலைச் சாமான் போதும். ஆனால் பி0420 வந்ததற்காகப் பின் சென்சாரை மாற்றாதீர்கள். அது கன்வெர்ட்டரைப் பற்றிய கோட். சென்சாருக்கு முன்னால் எக்சாஸ்ட் எங்காவது ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள்.

நீங்களே கழற்றுவதாக இருந்தால் 22 மில்லி அளவில், பக்கவாட்டில் பிளவுள்ள சாக்கெட் வேண்டும், அந்தப் பிளவு வழியாகத்தான் வயர் வெளியே வரும். முதல் நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். மறுநாள் எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, கையுறை போட்டுக்கொண்டு திருகுங்கள். புதுச் சென்சாரின் மரையில், இறுகிப் பிடிக்காமல் இருப்பதற்கான பசை பெரும்பாலும் தடவியே வரும், அப்படி வந்தால் மேலும் தடவ வேண்டாம், முனையில் படவே கூடாது. பக்கத்தில் சிலிகோன் பசையும் வேண்டாம், அதன் ஆவியே சென்சாரைக் கொன்றுவிடும்.

கழற்றிய பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் உடம்பில் தயாரித்தவர் பெயரும் நம்பரும் பொறித்திருக்கும். துணியால் துடைத்துவிட்டுக் கடைக்கு அதையே கொண்டுபோய், புதியதின் பிளக்கையும் வயர் நீளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.