மாவுக்கட்டு பிரித்த பிறகும் கணுக்கால் மடங்கவில்லையே?

கேள்வி: கணுக்கால் எலும்பு முறிந்து 6 வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தேன். பிரித்து 3 வாரம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, ஊன்றி நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் படி இறங்கவோ குந்தி உட்காரவோ முடியவில்லை. யாரையாவது அழுத்தி மடக்கிவிடச் சொல்லலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அசையாமல் கிடந்த வாரங்களில் மூட்டைச் சுற்றியுள்ள உறையும் கெண்டைக்கால் தசையும் சுருங்கி இறுகிவிட்டன. பலவந்தமாக மடக்கினால் வீக்கம்தான் கூடும், வீங்கிய மூட்டு இன்னும் இறுகும்.

பெரும்பாலும் அதிகம் குறைவது, பாதத்தை முகத்தை நோக்கி மேலே மடக்கும் அசைவு. படி இறங்கவும் குந்தவும் அதுதான் வேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகர்த்துங்கள். குதிகால் எழப் பார்க்கும் இடத்தில் நிறுத்தி, பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளங்கள். நல்ல காலில் 10 செ.மீ., அடிபட்டதில் 2 செ.மீ. என்றால், மீட்க வேண்டியது அந்த 8. வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள்.

பயிற்சிக்கு ஒரு துண்டு போதும். காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி உங்கள் பக்கம் இழுத்து 30 விநாடி பிடியுங்கள். முழங்காலை நீட்டி 3 முறை, லேசாக மடக்கி 3 முறை. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கெண்டைக்காலின் ஆழத்தில் உள்ள தசை அப்போதுதான் நீளும். ஒரேயடியாக அரை மணி நேரம் செய்வதைவிட, நாளுக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது நல்லது. நடுநடுவே பாதத்தைச் சுழற்றுங்கள்.

இழுக்கும்போது தசை இழுபடுவது போல் இருப்பது சரி. மறுநாள் காலையிலும் வலியும் வீக்கமும் கூடியிருந்தால், அளவைப் பாதியாக்குங்கள். சாயங்கால வீக்கம் சில மாதம் வரும், பயப்பட வேண்டாம், காலை உயர்த்தி வையுங்கள். ஆனால் கெண்டைக்கால் சூடாகி வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், ரத்தக்கட்டாக இருக்கலாம். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். பாதம் நிறம் மாறித் தீயாய் எரிந்தாலும் மருத்துவரிடம் காட்டத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் சுவர் அளவு நகரவில்லையா? பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். கணுக்கால் எலும்பைப் பின்னோக்கி மெல்ல நகர்த்தி மூட்டைத் தளர்த்தும் கைமுறைச் சிகிச்சை இருக்கிறது. அப்புறம், உங்கள் குறிப்பையும் கொண்டுபோங்கள், அவருக்கு அது உதவும்.