மழைக்கு முன்னால் ஒரு பை: உங்கள் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி நெருங்குகிறது, இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அவசரப் பை பற்றித்தான். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சென்னைப் புறநகர் முடிச்சூரில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம், நான்கு பேர். பையில் என்னென்ன வைக்க வேண்டும்?

உங்களுக்கு ஒரு பை போதாது, இரண்டு வேண்டும். ஒன்று, கிளம்பச் சொன்னால் தோளில் மாட்டிக்கொண்டு போக. மற்றது, மாடியில் நாலு நாள் முடங்கினால் சமாளிக்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் பக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று பலரும் பட்டது இந்த இரண்டாவது கஷ்டம்தான். தண்ணீர் வடியவில்லை, கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, ஒரு பால் பாக்கெட்டுக்காக இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் குடிநீர் என்று வைத்தால் நாலு நாளைக்கு 48 லிட்டர், அதாவது இரண்டு 20 லிட்டர் கேன், கூடவே சில பாட்டில்கள். மாடி வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி அங்கே ஏற்றி வைத்துவிடுங்கள், வெள்ளம் வந்த பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு படியேற முடியாது.

சாப்பாட்டுக்கு நூடுல்ஸ் வாங்கி அடுக்காதீர்கள், அதற்கு அடுப்பு வேண்டும். அவல், வெல்லம், பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம், கடலைமிட்டாய் போதும், அவலை நனைத்து வெல்லம் போட்டால் ஒரு வேளை கழிந்துவிடும். டார்ச், பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ, விசில், நாப்கின். அப்புறம் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் பணம், ஏனென்றால் சிக்னல் போனால் போனிலிருந்து பணம் அனுப்ப முடியாது, ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை தரவும் அன்றைக்குக் கடைக்காரரிடம் இருக்காது.

அம்மா இன்சுலின் போடுகிறார். கரண்ட் போய் ஃபிரிட்ஜ் நின்றால் மருந்து கெட்டுவிடுமா?

உடனே கெடாது, பயப்படாதீர்கள். பெரும்பாலான இன்சுலின்கள் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு ஃபிரிட்ஜ் இல்லாமலே ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும், உங்கள் மருந்துக்கு எத்தனை நாள், எவ்வளவு சூடு தாங்கும் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும், அதை இன்றைக்கே படித்துவிடுங்கள். புழுக்கமாக இருந்தால் மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்து நிழலில் வையுங்கள். ஐஸ் மேல் நேரடியாக வைக்கவே கூடாது, உறைந்துபோன இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும்.

மருந்தை விட எனக்குக் கவலை தருவது வேறு. இன்சுலின் போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்காவிட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கும். அதனால் குளுக்கோஸ் அல்லது சர்க்கரைப் பொட்டலம் அம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருக்கட்டும். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப், கூடுதல் ஊசி, மருந்துச் சீட்டின் நகல், இரண்டு வாரத்து மாத்திரை எல்லாம் தனி டப்பாவில். அவரை வெள்ளத் தண்ணீரில் இறக்காதீர்கள், காலில் கண்ணாடி கிழித்தாலும் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு வலி தெரியாது, புண்ணும் சீக்கிரம் ஆறாது. எலிக்காய்ச்சல் பயமும் இருக்கிறது.

பத்திரங்களை எப்படிக் காப்பாற்றுவது?

2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, தொலைந்த சான்றிதழ்களுக்கு அரசே சிறப்பு முகாம் நடத்த வேண்டியிருந்தது, அந்த அளவுக்கு வீடு வீடாகக் காகிதம் ஊறிப்போனது. பீரோவின் கீழ்த் தட்டில் வைக்காதீர்கள். ஜிப் கவரில் போட்டு, அதை இன்னொரு ஜிப் கவருக்குள் போட்டு, பரணில் வையுங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பிவையுங்கள். டிஜிலாக்கரில் ஆதாரும் மதிப்பெண் சான்றிதழும் இருந்தால் நல்லது, ஆனால் வீட்டுப் பத்திரத்தின் அசலுக்கு அது ஈடாகாது.

எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம். இங்கே மழையே குறைவு, இதெல்லாம் தேவையா?

தேவை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, நூற்றுக்கணக்கானவர்கள் ஸ்டேஷனில் சிக்கிக்கொண்டார்கள். வறண்ட ஊர் என்று பேரெடுத்த ஊரில் ஆற்றங்கரை, கண்மாய் ஓரம் வீடு என்றால் நீங்கள் சென்னைக்காரர்களை விட முன்னதாகவே தயாராக வேண்டும், படகு வந்து சேர அங்கே நேரம் எடுக்கும்.

மெழுகுவர்த்தி வைக்கலாமா?

வேண்டாம். குழந்தைகள், கொசுவலை, பாய் எல்லாம் ஒரே அறையில் நெருக்கிக் கிடக்கும் இரவில் தீப்பிடித்தால் ஓட இடமிருக்காது. டார்ச்சும் கூடுதல் பேட்டரியும் போதும்.

வெள்ளம் வாசலுக்கு வந்தால் முதலில் என்ன செய்வது?

தண்ணீர் ஸ்விட்ச் போர்டுக்கு வருவதற்கு முன்பே, கை கால் ஈரமில்லாமல், மெயினை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே தண்ணீரில் நிற்கிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி வையுங்கள், காலி சிலிண்டர் மிதக்கும், ஜன்னல் கம்பியில் கட்டிவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்தால் இந்த வாரமே மேடையேற்றுங்கள். 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 108 ஆம்புலன்ஸ். போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் காகிதத்தில் எழுதிப் பையில் போடுங்கள், சார்ஜ் தீர்ந்தால் பக்கத்து வீட்டுப் போனில் அழைக்க அந்தக் காகிதம்தான் இருக்கும்.