ரீஷி, கார்டிசெப்ஸ், லயன்ஸ் மேன்: மூன்றையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், இதயத்துக்கு ஆஸ்பிரின் 75 மில்லிகிராமும் எடுக்கிறேன். அசதிக்கும் மறதிக்கும் நல்லது என்று மகன் மூன்று காளான் காப்ஸ்யூல்கள் வாங்கிவந்திருக்கிறான்: ரீஷி, கார்டிசெப்ஸ், லயன்ஸ் மேன். மூன்றையும் ஒன்றாகத் தொடங்கலாமா?

பதில்: ஒன்றாகத் தொடங்காதீர்கள். காளானும் காளானும் ஒன்றோடொன்று சேராது என்பதல்ல காரணம். நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளோடு அவை என்ன செய்யும் என்பதுதான் கவலை.

ரீஷிக்கு ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கும் தன்மை உண்டு. ஆஸ்பிரின் செய்வதும் அதே வேலைதான். இரண்டும் சேரும்போது பல் ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு, சில சமயம் வயிற்றுக்குள் கசிவு வரலாம். கறுத்த மலம் அந்தக் கசிவின் அடையாளம். மீன் எண்ணெய் மாத்திரையோ பூண்டு காப்ஸ்யூலோ எடுப்பவரென்றால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரீஷிக்காக ஆஸ்பிரினை நிறுத்துவது பெரிய தவறு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். உங்கள் நிலையில் ரீஷியை ஒதுக்கிவைப்பதே சரி.

கார்டிசெப்ஸும் ரீஷியும் சர்க்கரையை ஓரளவு இறக்கக்கூடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அது பெரிய சிக்கலில்லை. கிளிமிபிரைடு அப்படியல்ல, கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மருந்து அது. அதோடு இந்தக் காளான்களும் சேர்ந்து, சாப்பாடும் தாமதமானால், சர்க்கரை மிகவும் இறங்கி வியர்வை, நடுக்கம், படபடப்பு வரலாம். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

மூன்றில் லயன்ஸ் மேன்தான் சாது. உணவாகவே சமைக்கப்படும் காளான் அது. ஒவ்வாமையைக் கவனியுங்கள்: தடிப்பு, அரிப்பு, மூச்சுத்திணறல்.

மருத்துவர் சம்மதித்தால் லயன்ஸ் மேனை மட்டும், லேபிளில் உள்ள அளவில் பாதியாக, காலை உணவுக்குப் பிறகு தொடங்குங்கள். இரண்டு வாரம் வேறு எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். மூன்றையும் ஒரே நாளில் தொடங்கி அரிப்பு வந்தால், எதை நிறுத்துவது? தொடங்கும் முன் எஸ்.ஜி.பி.டி. (கல்லீரலுக்கு), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு) ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, ஆறு வாரத்தில் மறுபடி பாருங்கள்.

இனி, பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 8:1 சாறு (எட்டுப் பங்கு உலர்ந்த காளானை ஒரு பங்காகச் சுருக்கியது) என்று போட்டிருந்தால் 500 மில்லிகிராம் காப்ஸ்யூல் 4 கிராம் உலர்ந்த காளானுக்குச் சமம். வெறும் தூள் என்றால் 500 மில்லிகிராம்தான். இரண்டையும் ஒரே அளவாக எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு காளானும் எவ்வளவு என்று தனித்தனியே எழுதாத கலவையை வாங்காதீர்கள். வீட்டில் யாராவது கனோடெர்மா காபி குடிக்கிறார்களா என்றும் கேளுங்கள். கனோடெர்மா என்பது ரீஷியேதான். பெயர் தெரியாமல் இரட்டிப்பு அளவு போய்விடும்.

சாறு, தூள் வேறுபாடு அளவோடு முடிவதில்லை. 2004-இல் ஹாங்காங்கிலும் 2007-இல் தாய்லாந்திலும் ரீஷித் தூள் சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது பதிவாகியிருக்கிறது. தாய்லாந்து நோயாளி இறந்தே போனார். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

மகன் அடுத்து சாகா என்ற இன்னொரு காளானை வாங்கிவரக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறோம். சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து கல்லாகக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் அதில் மிக அதிகம். தினமும் நாலைந்து டீஸ்பூன் சாகாத் தூளை ஆறு மாதம் சாப்பிட்ட ஜப்பானியப் பெண்ணுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அதிக அளவு வைட்டமின் சி-யும் உடலில் ஆக்சலேட்டாக மாறும். அதனால் இரண்டையும் சேர்ப்பது மோசமான ஜோடி. சிறுநீரகக் கல் வந்தவர்கள் சாகாவைத் தொடவே வேண்டாம்.

பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ நாள் குறித்தால் இரண்டு வாரம் முன்பே காளான் காப்ஸ்யூல்களை நிறுத்திவிட்டு, எடுத்துவந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். காளான் பெயரை நினைவில் வைத்துச் சொல்வதைவிட, பாட்டிலையே கையோடு எடுத்துப்போவது நல்லது.