சின்னத் துண்டில் வந்த வலிமை, அதே ஃபைபரில் செய்த பெரிய பலகையில் ஏன் வருவதில்லை?

கேள்வி சேலத்து இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவருடையது. பொருள் கிளாஸ் ஃபைபர் மேட் (துண்டு இழைகளை விரிப்பாக்கியது), அதைக் கெட்டியாக்கும் பாலியெஸ்டர் ரெசின். 250 × 25 × 3 மி.மீ. துண்டு, இழுத்துப் பார்த்ததில் 100 மெகா பாஸ்கல் தாங்கியிருக்கிறது. மூன்று அளவையும் 4 மடங்காக்கிய பலகை 60-லேயே போய்விட்டதாம்.

இதில் ஒரு பங்கு இயற்கை, மறு பங்கு கைவேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் ப்ராஜெக்ட் அறிக்கைகளில் வழக்கமாக நடக்கும் தவறு.

இயற்கைப் பங்கைப் புரிந்துகொள்ள சேலம் செவ்வாய்ப்பேட்டையில் செய்யும் வெள்ளிக் கொலுசே போதும். கண்ணி கூடக் கூட, பற்றவைப்பு மோசமான கண்ணி ஒன்று அதில் மாட்டும் வாய்ப்பும் கூடும். அறுவது அந்த ஒன்றில்தான். 1939-இல் ஸ்வீடன் பொறியாளர் வெய்புல் இதைக் கணக்காக்கினார்: கன அளவு எத்தனை மடங்கோ, அதன் 1/m அடுக்கால் வலிமையை வகுக்க வேண்டும். m என்பது வலிமை துண்டுக்குத் துண்டு எவ்வளவு சீராக இருக்கிறது என்று காட்டும் எண். உங்கள் கன அளவு 64 மடங்கு. m 20 என்றால் 100 என்பது 81 ஆகும். m 10 என்றால் 66.

m எங்கிருந்து கிடைக்கும்? முடிவுகளின் சிதறலில் இருந்து. தோராயமாக 1.2-ஐ மாறுபாட்டுக் கெழுவால் (திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்தது) வகுங்கள். 6 சதவீதச் சிதறலுக்கு 20 வரும். ஆனால் 5 துண்டு உடைத்துவிட்டு m எழுதாதீர்கள், குறைந்தது 30 துண்டு வேண்டும். கற்றாழை நார் எடுத்தவர்களுக்கு இது இன்னும் கடுமை: நாருக்கு நார், ஏன் ஒரே நாரின் நீளத்திலேயே தடிமன் மாறும். இழுக்கும் இயந்திரத்தின் பிடிகளுக்கிடையே எத்தனை மி.மீ. நார் இருந்தது என்று சொல்லாத வலிமை எண்ணை யாருடையதோடும் ஒப்பிட முடியாது.

அடுத்து கைவேலை. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு லேயர் சுமார் 1 மி.மீ. வரும், 12 மி.மீ. பலகைக்கு 12 லேயர். அதை ஒரே மூச்சில் போட்டால் ரெசின் கெட்டியாகும்போது பிறக்கும் சூடு நடுவில் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். உள்ளே விரிசல், வளைவு, காற்றுக்குமிழி. மூன்று நான்கு லேயர் போட்டு, ரோலரால் காற்றை நன்றாக வெளியேற்றி, சூடு தணிந்த பிறகு அடுத்தது. சித்திரை வெயிலில் சேலத்தில் ரெசின் டப்பாவிலேயே இறுகிவிடும், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டை 1 சதவீதத்துக்கு இறக்குங்கள். அதே கலவை ஏற்காட்டுக் குளிரில் மெதுவாகத்தான் இறுகும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேராகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி முடித்துவிட்டு, பிறகு கேட்டலிஸ்ட்.

தடித்த துண்டு பிடிக்குள்ளேயே உடைந்திருந்தால் அந்த எண் பொருளின் வலிமையே அல்ல, பிடியின் நெரிசல். ஓரம் சரிவாகச் சீவிய பட்டைகளை இரு முனையிலும் ஒட்டி மறுபடி இழுங்கள்.

மேட்டை விட்டு, ஒரே திசை ஃபைபருக்கு மாறினால் தடிமனைக் கூட்டும் விதமும் முக்கியம். 0, 45, 90 பாகை அடுக்கு வரிசையையே திரும்பத் திரும்பப் போடுங்கள். ஒரே பாகையில் நாலு லேயரைச் சேர்த்து அடுக்கினால் ஓரத்தில் லேயர்கள் பிரியும். பிரிவு தொடங்கும் தகைவு அந்தக் கட்டின் தடிமனுடைய வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இறங்கும். நாலு மடங்கு கட்டு என்றால் பாதிதான்.

உங்கள் 60-ஐப் பொறுத்தவரை, பலகையைக் குறுக்கே அறுத்து நடுப்பகுதியைப் பாருங்கள். பிறகு அதே பலகையிலிருந்தே 25 மி.மீ. அகலத்தில், 3 மி.மீ. தடிமனுக்குச் சீவிய துண்டுகளை இழுங்கள். அவையும் 100-க்கு வெகு கீழே நின்றால் வெய்புல் மேல் பழி போட முடியாது.