விண்வெளித் தொடருக்கு ஐடியா போதாதா, நடிப்பு எதற்கு?

கேள்வி: அறிவியல் புனைகதைத் தொடர்களில் ஐடியாதானே ஹீரோ? கதாபாத்திரமும் நடிப்பும் அவ்வளவு முக்கியமா?

முதலில் என் அம்மா கதை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, விண்வெளிக் கப்பல் என்றால் எழுந்து போய்விடுவார். ஒருநாள் நான் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1992-இல் வந்த 'தி இன்னர் லைட்' எபிசோடை மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியில் கை நின்றுவிட்டது. "யாருப்பா செத்துட்டாங்க இவருக்கு?" என்று கேட்டார்.

செத்தது ஒரு கிரகம். கேப்டன் பிக்கார்ட் கப்பலில் மயங்கி விழுகிறார். மயக்கம் என்னவோ 25 நிமிடம்தான். அதற்குள் வேறொரு கிரகத்தில் மனைவி, பிள்ளைகள், பேரன் என்று ஒரு முழு ஆயுளையும் வாழ்ந்து முடிக்கிறார். கண் விழித்தால் அந்தக் கிரகம் அழிந்து ஆயிரம் வருடம் ஆகிவிட்டது. மிச்சம் ஒரு சின்னப் புல்லாங்குழல். அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார், அப்புறம் தனியாக நின்று வாசிக்கிறார். வசனமே கிடையாது.

யோசித்துப் பார்த்தால் இந்த ஐடியா ஒன்றும் புதிதில்லை. நாரதர் நீரில் முங்கிப் பெண்ணாகி, அறுபது பிள்ளை பெற்ற கதை நமக்குத் தெரிந்ததுதானே. இங்கே பாரத்தைச் சுமப்பது பிக்கார்டாக நடிக்கும் பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் முகம். வருடக்கணக்காக ஷேக்ஸ்பியர் நாடக மேடையில் நின்றவர். வயதான காட்சிகளில் மேக்கப்பை விட அவர் உட்காருகிற விதம்தான் வயதைக் காட்டுகிறது. அந்த எபிசோடில் அவருடைய மகனாக வருபவர் அவரது சொந்த மகன் டேனியல். அந்தப் புல்லாங்குழலோ ஊதினால் சத்தம் வராத வெறும் செட் பிராப்பர்ட்டி. 2006-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 48,000 டாலருக்குப் போனது!

சினிமா என்றால் இரண்டு மணி நேரம் பிரம்மாண்டத்தைக் காட்டியே ஓட்டிவிடலாம். தொடரில் அது நடக்காது. மூன்றாவது வாரம் கப்பல் நமக்குப் பழகிவிடும். அதற்கு மேல் நாம் பார்ப்பது முகங்களைத்தான். பணமும் இருக்காது. 1966-இல் தொடங்கிய பழைய ஸ்டார் ட்ரெக்கில் வாராவாரம் கப்பலைத் தரையிறக்கிக் காட்டச் செலவு கட்டாது என்றுதான், ஆட்களை ஒளியாகக் கரைத்து அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டரையே கண்டுபிடித்தார்கள். கப்பலை எதிரி தாக்கினால் கேமராவைச் சாய்ப்பார்கள், நடிகர்கள் ஒரு பக்கமாகப் போய் விழுவார்கள். ஒருத்தர் அரை நொடி தாமதமாக விழுந்தால் போச்சு, மொத்தக் கப்பலும் பிளைவுட் ஆகிவிடும்.

அதே தொடரில் உணர்ச்சியை வெளிக்காட்டாத வேற்றுக்கிரகத்து விஞ்ஞானியாக வரும் ஸ்பாக் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் அதில் நடித்த லெனார்ட் நிமாய்க்கே அவன் பிடிபடவில்லை. ஒரு காட்சியில் திரையில் ஏதோ பயங்கரம் தெரிகிறது, எல்லோரும் பதறுகிறார்கள். நிமாயும் அதே பதற்றத்தோடு தன் வசனத்தைச் சொல்லப் போனார். இயக்குநர் ஜோசப் சார்ஜென்ட், மற்றவர்களைப் போல வேண்டாம், விஞ்ஞானியாக விலகி நின்று சொல் என்றார். வசனம் ஒரே வார்த்தை: 'ஃபாசினேட்டிங்', அதாவது 'சுவாரஸ்யம்'. நிதானமாகச் சொன்ன அந்த நொடியில்தான் ஸ்பாக் கிடைத்தான் என்று நிமாயே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விரல்களைப் பிரித்து வணங்கும் அந்தப் பிரபலமான சைகையும் அவர் கொண்டுவந்ததுதான். சிறுவயதில் பாஸ்டன் யூத ஆலயத்தில் பார்த்த ஆசீர்வாதக் கை அது. ஒரு கிரகத்தின் பண்பாடே ஒரு நடிகரின் கையிலிருந்து பிறந்திருக்கிறது.

'ட்விலைட் ஸோன் மாதிரித் தொடர்களில் வாராவாரம் ஆள் மாறுவார்களே, அங்கே ஐடியாதானே ஹீரோ?' என்று கேட்கலாம். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் அதே தொடரில் 1961-இல் வந்த 'தி இன்வேடர்ஸ்' எபிசோடைப் பார்த்தேன். தனி வீட்டில் ஒரு கிழவி, கூரையில் வந்து இறங்கும் குட்டிக்குட்டி விண்வெளி ஆட்கள். உண்மையைச் சொன்னால் அந்தப் பொம்மைகளைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் ஆக்னஸ் மூர்ஹெட் ஒரு வசனம்கூடப் பேசாமல், முனகலும் மூச்சிரைப்புமாக அவற்றைக் கண்டு நடுங்குகிறார். சிரிப்பு நின்றுவிடுகிறது. கடைசியில் ஒரு திருப்பம் உண்டு, அதைச் சொல்ல மாட்டேன். அதுவரை அவர் நம்மை உட்கார வைத்ததால்தான் அது வேலை செய்கிறது.

இவற்றைவிடப் புதிதாக ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் 'ஆர்ஃபன் பிளாக்' பாருங்கள். குளோனிங், அதாவது ஒரே ஆளின் நகல்களாக உருவாக்கப்பட்ட பெண்களின் கதை. டாட்டியானா மஸ்லானி ஒருவரே அத்தனை பெண்களாகவும் வருகிறார். ஒரு குளோன் இன்னொரு குளோனைப் போல நடிக்கும் காட்சிகளும் உண்டு. அங்கேகூட உள்ளே இருப்பது யார் என்று நமக்குத் தெரிந்துவிடும். 2016-இல் அவருக்கு அமெரிக்க டிவி விருதான எம்மியும் கிடைத்தது. நடுவில் கதை கொஞ்சம் சிக்கலாகிவிடும். நான் குளோன் நிறுவனத்தின் சதி என்ன என்பதை முழுசாக மறந்துவிட்டேன். ஆனால் அந்தக் குளோன்களில் அலிசனையும் ஹெலினாவையும் மறக்கவில்லை.

அம்மா இப்போதும் விண்வெளிக் கதை பார்ப்பதில்லை. ஆனால் டிவியில் கப்பல் தெரிந்தால் ஒரு தடவை எட்டிப் பார்த்து, "அந்த மொட்டைத் தலைக்காரர் வர்றாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.